மூன்றாவது துண்டு யாருடையது

போன மாதம் எங்கள் பழைய ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். இப்போது அங்கே சீனியர் டெக்னீஷியனாக இருப்பவள். புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறதாம். கட்டியிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான ஜீன்களை ஒரே மூச்சில் படித்துச் சொல்லிவிடுமாம். “உங்க காலத்துல இந்த மார்க்கர் வேலையெல்லாம் எப்படிப் பண்ணீங்கன்னு எங்க ஆண்டு மலருக்கு எழுதித் தாங்க மேடம்” என்றாள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். “தண்ணித் தொட்டி இன்னும் இருக்கா?”

“அது எங்க மேடம் போகும்? இருக்கு.”

அப்படியானால் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். தி. நகரில் ஓர் அறக்கட்டளை நடத்தியது. அங்கே திசு ஆய்வுப் பிரிவில் இருபத்தொன்பது வருஷம் குப்பை கொட்டினேன். விலங்கியல் பட்டமும் ஒரு டிப்ளமோவும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தெரியும் என்று நினைப்பு. முதல் மூன்று மாதம் கத்தி தீட்ட மட்டுமே விட்டார்கள். நினைப்பு போயிற்று, கத்தி தீட்ட வந்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை இதுதான். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த திசுத் துண்டை மெழுகில் புதைத்து ஒரு கட்டியாக்குவோம். அதை பிளாக் என்போம். மைக்ரோடோம் என்ற கருவியில் வைத்து அந்த பிளாக்கைச் சீவ வேண்டும். தலைமுடியை இருபதாகப் பிளந்தால் வரும் கனம்தான் ஒரு சீவல். நாடா போல வருகிற சீவல்களை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும். அடியில் கண்ணாடியை விட்டு ஏந்தி எடுத்தால் ஸ்லைடு. தொட்டி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சாம்பார் வாளி அளவு, ஒரு லிட்டர் சொச்சம் பிடிக்கும். ஒருவர் பிளாக் முடிந்ததும் தண்ணீரின் மேற்பரப்பை மெல்லிய காகிதத்தால் மூன்று தடவை இழுத்துத் துடைக்க வேண்டும். புற்று இருக்கிற பிளாக்காக இருந்தால் தண்ணீரையே மாற்ற வேண்டும். ஒருவருடைய துணுக்கு மிதந்துகிடந்து அடுத்தவர் ஸ்லைடில் ஏறிவிடக் கூடாது. இது எங்கள் டாக்டர் வகுத்த சட்டம்.

டாக்டர் தேவராஜன் எங்கள் பிரிவின் தலைவர். குள்ளமான மனிதர், குரல் அதைவிடக் குள்ளம். ஸ்லைடைக் கொடுத்தால் உடனே மைக்ராஸ்கோப்பில் வைக்க மாட்டார். முதலில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெறும் கண்ணால் பார்ப்பார். எத்தனை துண்டு, எந்த ஓரம் அடர்த்தி, எங்கே கிழிசல் என்று மனதில் குறித்துக்கொண்டுதான் உட்காருவார். “கருவி பெரிசாத்தான் காட்டும், முழுசாக் காட்டாது” என்பார். வார்டு ஆயா முதல் எல்லோருக்கும் ‘நீங்க’தான். அவரோடு எனக்கு இருந்த ஒரே சண்டை, அவர் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டார் என்பது. நான் பிரமாதமாக வெட்டிய ஸ்லைடுக்கும் “நல்லா இருக்கலாம்”. பட்டப்பகல் மாதிரித் தெரிகிற நோய்க்கும் “இதுவா இருக்கலாம்”. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊர்ப் பெயர் மெட்ராஸ் போய்ச் சென்னை ஆன புதிதில், குடல் புற்றுநோயில் மார்க்கர் பார்க்கும் ஆராய்ச்சியை அவர் ஆரம்பித்தார். மார்க்கர் என்றால் அடையாளம், அவ்வளவுதான். செல்லுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்துப் பழுப்பு நிறமாகக் காட்டும் சாயம். ஆனால் மெழுகில் கிடந்த திசுவில் அந்தப் புரதம் இறுகிக் கிடக்கும். ஸ்லைடை ஒரு கரைசலில் போட்டு அழுத்தத்தில் கொதிக்கவைத்தால்தான் இளகும். அதற்கென்று வெளிநாட்டுக் கருவி வாங்க வசதியில்லை. டாக்டர் என்னைக் கூட்டிக்கொண்டு பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனார்.

“எத்தினி பேருக்கு சமைக்கணும் சார்?” என்று கடைக்காரர் கேட்டார்.

“இருபத்தஞ்சு பேருக்கு. ஒரே நேரத்துல” என்றார் டாக்டர், ஸ்லைடுகளை நினைத்துக்கொண்டு. கடைக்காரர் கல்யாண வீடு என்று நினைத்து அண்டா இருக்கும் பக்கம் நடந்தார். கடைசியில் பெரிய அலுமினிய குக்கர் ஒன்று வாங்கி வந்தோம். எப்போது அழுத்தம் நிறைந்தது, எப்போதிலிருந்து நிமிஷத்தை எண்ணுவது என்பதில் டாக்டர் புத்தகத்தைப் பார்த்துத் திணறினார். “ஆவி நேரா வரட்டும் சார், அப்புறம் வெயிட்டைப் போட்டு, முதல் விசில்லேர்ந்து எண்ணுங்கோ” என்றேன். அன்று முதல் குக்கர் என் இலாகா. என் பெயரைச் சொல்லியே மற்றவர்களுக்கு அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார். “சாரதா முறை” என்பார், சிரிக்காமல்.

முதன்முதலில் அப்படிச் சாயம் ஏறிய ஸ்லைடை எனக்கே காட்டினார். குடலின் உட்சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், கிணறுகள் மாதிரி. கிணற்றின் அடியில் மட்டும் பழுப்புப் புள்ளிகள். “அடியிலதான் ஊத்து இருக்கு. அங்க இருக்கிற ஸ்டெம் செல்லுங்க பிரிஞ்சுக்கிட்டே இருக்கு. புதுசாப் பிறக்கிறது மேல ஏறி, நாலஞ்சு நாள்ல உச்சியில உதிர்ந்துடும். புத்து வந்தா ஊத்து அடியில நிக்காது, பழுப்பு மேல வரைக்கும் ஏறிடும்” என்றார். இதில் எது அந்த மூல ஊற்று என்று தனியாகக் காட்டும் சாயம் அப்போது எங்களுக்கு இல்லை. “என்னிக்காவது வரலாம்” என்றார். மைலாப்பூர் வீட்டில் ஊறாத கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒவ்வொருவர் வயிற்றுக்குள்ளும் லட்சக்கணக்கில் ஊற்று இருக்கிறது என்று கேட்டு வெட்கமில்லாமல் கண் கலங்கியது.

இனி கஸ்தூரி. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கும் பெண், நாற்பதுக்குள் வயது. மலத்தோடு ரத்தம் போகிறது என்று வந்தாள். மலக்குடலின் கீழ்க்கோடியில் ஒரு புண், பார்வைக்குப் புற்று போலவே. சர்ஜன் துண்டு எடுத்து அனுப்ப, நான் வெட்டிக் கொடுக்க, டாக்டர் பார்த்தார். ஸ்லைடில் மூன்று துண்டு. இரண்டில் வெறும் புண். மூன்றாவதில் சந்தேகமே இல்லாமல் புற்று. அவரே கையெழுத்துப் போட்டார். அவ்வளவு கீழே புற்று என்றால் ஆசனவாயோடு எடுத்துவிட்டு, வயிற்றில் வழி வைத்து, மலம் விழ ஆயுசுக்கும் ஒரு பையைக் கட்டிவிடுவார்கள். அறுவை சிகிச்சைக்கு வியாழக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று.

புற்று என்று முடிவானதால் எங்கள் ஆராய்ச்சிப் பட்டியலிலும் அவள் பெயர் ஏறியது. அதற்கு ரத்தம் எடுக்க நான்தான் போனேன்.

“குடல எடுக்கிறீங்க, இன்னாத்தயோ எடுக்கிறீங்க, ரத்தத்தயும் வுட மாட்டீங்களா?” என்று கையை நீட்டினாள். ஊசி போட்டபோது முகம் சுளிக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள். “ஏம்மா, பையக் கட்டிக்கினு குந்தி மீன் வெட்ட முடியுமா?”

நான் ரத்தம் எடுத்த குப்பியில் அவள் பெயரை எழுதி ஒட்டினேன்.

“வாசன வரும்ல? மீனு வாசனன்னா ஜனம் வாங்கும். இந்த வாசனக்கி எவன் வாங்குவான் என் கையில?” என்றாள். பொட்டலம் போலப் பஞ்சை மடித்து ஊசி போட்ட இடத்தில் தானே அழுத்திக்கொண்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை அவளுடைய பிளாக்கிலிருந்து மார்க்கர் சாயத்துக்காகப் புதிதாகச் சீவல்கள் எடுத்து, குக்கரில் ஏற்றி, சாயம் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் வழக்கம்போல ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். இறக்கவே இல்லை.

“மூணாவது எங்க?”

இரண்டே துண்டுதான் இருந்தது. “தீர்ந்து போயிருக்கும் சார், சின்னத் துண்டு” என்றேன். அப்படி நடப்பது உண்டு. பதிவேட்டைப் புரட்டினோம். துண்டுகளை வாங்கிப் பதிந்த பயிற்சி மருத்துவர் எத்தனை என்று எழுதாமல் ‘சில துண்டுகள்’ என்று எழுதி வைத்திருந்தார். டாக்டர் பதிவேட்டை மூடினார். ஒன்றும் கேட்கவில்லை.

அவர் கேட்கத் தேவையில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. கஸ்தூரியின் பிளாக்கை வெட்டிய நாள் அந்தக் கோடையின் மோசமான நாள். தண்ணீர் லாரி இரண்டு நாளாக வரவில்லை. எங்கள் பிரிவுக்கு ஒரு வாளிதான். வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் கழிவறைக்கு என்று வாழ்கிறவள் நான். நல்ல தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினால் எனக்குக் கை கூசும். கஸ்தூரிக்கு முன்னால் வெட்டியது கே.கே. நகர்ப் பெரியவர் ஒருவரின் பெருங்குடல் புற்று. தண்ணீரை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. மூன்று இழுப்புக்கு ஒரே இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த பிளாக்கை வைத்தேன். சிக்கனம் என்று மனதுக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

அந்தத் திங்கட்கிழமை மாலை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. “அவர் கேக்கவே இல்லையோல்லியோ? நீயாப் போய் ஏண்டி தலையைக் குடுக்கறே? ஆத்துல உன் சம்பளம் ஒண்ணுதான் வந்துண்டிருக்கு” என்றார். தப்பு சொல்ல முடியாது. எனக்கும் அதே பயம்தான். ஆனால் தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது, குந்தி மீன் வெட்ட முடியுமா என்று அவள் கேட்டதுதான் காதில் விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் டாக்டர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன்.

“சார், அன்னிக்கு நான் தண்ணி மாத்தலை. அதுக்கு முன்னாடி வெட்டினது கே.கே. நகர்ப் பெரியவரோட பிளாக்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப, மிதந்து வந்திருக்கலாம். உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நேத்து மத்தியானம் சார்.”

“நேத்தே சொல்லியிருக்கலாம்.”

இருபத்தொன்பது வருஷத்தில் அவரிடம் நான் வாங்கிய வசவு அது ஒன்றுதான். இன்றைக்கும் சுடுகிறது.

உடனே காகிதம் எடுத்து, தன் ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுவதாகத் தன் கைப்பட எழுதி சர்ஜனுக்கு அனுப்பினார். நிரூபணம் ஒன்றும் கையில் இல்லாதபோதே எழுதினார். தப்பு யாருடையது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. சர்ஜன் படியிறங்கி வந்தார்.

“கேன்சர்னு எழுதினதும் நீங்க. இப்ப இல்லைங்கிறதும் நீங்களா சார்?”

“இல்லைன்னு சொல்லல. தெரியலைன்னு சொல்றேன்.”

புதிதாகத் துண்டு எடுத்து அனுப்பினார்கள். அதில் புற்று இல்லை. சர்ஜன் ஒப்பவில்லை. “புண்ணப் பாத்தா எனக்குக் கேன்சராத்தான் தெரியுது. துண்டைத் தப்பான இடத்துல எடுத்திருக்கும். ஒரு தடவை கண்ணால பாத்துட்டு, இல்லைன்னு நான் எப்படி அவளை வீட்டுக்கு அனுப்பறது? தள்ளிப்போட்டு உயிர் போனா யார் பொறுப்பு?” அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. டாக்டர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அடுத்த வியாழன் என்று முடிவாயிற்று.

“அந்தத் துண்டு யாரோடதுன்னு அதையே கேப்போம்” என்றார் என்னிடம்.

ஒவ்வொருவர் டி.என்.ஏ.யிலும் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். சில குடல் கட்டிகளில் அந்தக் கணக்கு கலைந்துபோகும் என்பதால் எங்கள் ஆராய்ச்சியில் ஏற்கெனவே அந்த இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதையே ஆளை அடையாளம் காணவும் வைத்துக்கொள்ளலாம். கஸ்தூரியின் ரத்தம் இருக்கிறது, பெரியவரின் ரத்தமும் இருக்கிறது. இல்லாதது அந்த மூன்றாவது துண்டு. அது உலகத்தில் ஒரே ஒரு ஸ்லைடில்தான் இருந்தது. சுரண்டி எடுத்தால் அதோடு சரி. பிசகினால் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

முதலில் அதைப் படம் எடுத்து வைத்தோம். மேலே ஒட்டியிருந்த மெல்லிய கண்ணாடி கழல, ஸ்லைடை ஸைலீன் என்ற கரைப்பானில் இரண்டு நாள் ஊறப்போட்டேன். அவசரப்பட்டு நெம்பினால் திசுவும் பெயர்ந்து வந்துவிடும். கழன்ற பிறகு டாக்டர் ஊசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீங்க எடுங்க சார்.”

“வெட்டினது நீங்க. இந்த லேப்ல உங்க கை மாதிரி வேற கை இல்ல. எடுங்க.”

‘இருக்கலாம்’ சேர்க்காமல் சொன்னார். அதைக் கவனிக்கும் நிலையில் அப்போது நான் இல்லை. காற்றில் பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தினோம். மே மாத வெயில். என் வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் கஸ்தூரியோ பெரியவரோ இல்லாமல் சாரதாதான் தெரிவாள். அதனால் முகத்தை மூடி, நெற்றியில் துணி கட்டி, கையுறை போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே ஊசி முனையால் ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே சுரண்டினேன். அரைக் கடுகு அகலம், கனமே கிடையாது. பக்கத்துத் துண்டின் மேல் ஊசி படக் கூடாது. எல்லாம் ஊசி முனையில் ஒரு ஊதாத் தூசியாகச் சேர்ந்தது. சோதனைக் குழாயின் அடியில் அதைத் தொட்டு விட்டபோதுதான் மூச்சை விட்டேன்.

செல்லைக் கரைக்க இரண்டு நாள் ஆயிற்று. மாடியில் ஓர் ஆராய்ச்சி மாணவி டி.என்.ஏ.யைப் பெருக்கி, ஜெல் என்ற பசைத் தகட்டில் ஓட்டி, வெள்ளிச் சாயத்தில் போட்டாள். புதன்கிழமை பகல். மூன்று தடங்கள்: கஸ்தூரி, பெரியவர், துண்டு. கோடுகள் மெல்ல மெல்லப் பழுப்பாக ஏறி வந்தன. ஐந்து இடங்களைப் பார்த்ததில் ஒன்றில் எதுவுமே தெரியவில்லை. மீதி நான்கிலும் துண்டின் கோடுகள் பெரியவரின் கோடுகளுக்கு நேராக நின்றன. கஸ்தூரியின் கோடுகள் தனியாக நின்றன. டாக்டர் ஜெல்லைத் தூக்கி ஜன்னலில் பிடித்தார்.

“இது கஸ்தூரியோடது இல்ல” என்றார்.

இல்லாமல் இருக்கலாம் என்று சொல்லவில்லை. நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்து அழுதேன்.

அவளுடையது மருந்திலும் சாப்பாட்டிலும் ஆறுகிற சாதாரணப் புண் என்று சர்ஜனும் ஒப்புக்கொண்டார். அத்தோடு சீட்டெழுதி அனுப்பியிருக்கலாம். எவரும் அதைத்தான் செய்வார்கள். டாக்டர் கஸ்தூரியை ஆய்வகத்துக்கே கூட்டி வந்தார். அதுவரை எந்த நோயாளியும் அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை. தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் சொன்னார்.

“யாரு பண்ணது?” என்று கேட்டாள்.

“எங்க தப்பு. ரிப்போர்ட்ல கையெழுத்து என்னுது” என்றார் டாக்டர்.

“தண்ணி மாத்தாதது நான்” என்றேன்.

என்னைப் பார்த்தாள். “மார்க்கெட்ல என் எடத்த நாத்தனாருக்குக் குட்த்துட்டேன். பொண்ண ஸ்கூல்லேந்து நிறுத்திட்டேன், என்னப் பாத்துக்க ஆள் வேணும்னு.” தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “இத்துனூண்டு தண்ணிக்கா? இத்த மாத்தலியா?”

“லாரி வரலை” என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

அவள் கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். என்னைத் தாண்டி டாக்டரிடம் கேட்டாள். “அப்ப அந்தத் துண்டுக்காரருக்கு நெசமாவே கீதா அந்த சீக்கு?”

“ஆமா. ஆபரேஷன் ஆயிடுச்சு. தேறிட்டு வரார்.”

“நல்லா ஆவட்டும் பாவம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெரியவரை அத்தனை நாளில் நான் ஒரு பிளாக் எண்ணாகத்தான் நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் வார்டுக்குப் போய், தூரத்தில் நின்று அவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வர வேண்டிய நாளில் கஸ்தூரி வந்தாள். இடுப்பில் மஞ்சள் பிளாஸ்டிக் குடம், குடத்தின் வாயைத் துணியால் கட்டியிருந்தாள். வாசலில் காவலாளியோடு சண்டை போட்டு நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டாள்.

“கண்டக்டரு கொடத்துக்கு லக்கேஜ் டிக்கெட்டு வாங்கிட்டான்” என்று இறக்கி வைத்தாள். “விடியக் காத்தால கொழாய்ல லைன்ல நின்னு புடிச்சது. இந்தா. இன்னொருத்தருக்கு இப்டிப் பண்ணிடாத.”

“பொண்ணு?” என்றேன்.

“ஸ்கூலுக்குப் போறா. எடத்தயும் திருப்பி வாங்கிக்கினேன். நாத்தனாதான் பேச மாட்டேன்றா.”

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் உத்தமம், குழாய்த் தண்ணீரில் புள்ளி விழலாம் என்று என் தொழில் புத்தி ஒரு கணம் முணுமுணுத்தது. டாக்டர் குனிந்து குடத்தைத் தானே தூக்கி மைக்ரோடோமுக்குப் பக்கத்தில் வைத்தார். துணியை அவிழ்த்தார்.

“சாரதா, ஆரம்பிங்க.”

அன்று பதினோரு பிளாக் வெட்டினேன். பதினோரு தடவையும் தண்ணீரைக் கொட்டி மாற்றினேன். கை கூசவில்லை.